பகலில் பூட்டிய கமராவும் இரவில் பார்க்க வேண்டிய வேலையும்

மட்டக்களப்பு நகரில் பாதுகாப்புக் கமராக்களை விற்று, வீட்டுக்கு வந்து பூட்டியும் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் சேவையைக் கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பெற்றோம். வெளிப்புறக் கமராக்கள் நான்கு, ரெக்கோடர் ஒன்று, ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள ஹார்ட் டிஸ்க் ஒன்று, அவற்றுக்கான வயர் வேலை என்பவை விலைமதிப்பில் இருந்தன. நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. வேறு கடைகளில் வாங்கிய கல்முனை, அக்கரைப்பற்று உறவினர் வீடுகளிலும் இதே குறையைப் பார்த்திருக்கிறேன். கமராவைச் சுவரில் இறுக்கி, தொலைபேசியில் படத்தைத் தெரிய வைத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. அசைவைக் கண்டறிந்து எச்சரிக்கும் வசதியை அந்த வீட்டுக்கும் அந்த வளவுக்கும் ஏற்றவாறு அமைத்துக் கொடுக்கும் வேலை எவருடைய பொறுப்பிலும் வருவதில்லை.

பூட்டிய வேலையில் எனக்குக் குறை இல்லை. கமராக்களை ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரத்தில் வைத்தார்கள். வயர் இணைப்புகளைச் சுவரோரம் திறந்து விடாமல், மூடியுள்ள பெட்டிகளுக்குள் அடக்கினார்கள். பெட்டிக்குள் நுழையும் முன் வயர் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறுமாறு விட்டதால் மழைநீர் வயர் வழியே உள்ளே வழிவதில்லை. கடற்காற்று படும் இடம் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை நாங்கள் கேட்காமலே பயன்படுத்தினார்கள். கடற்கரையோரத்தில் கமரா கெடுவதற்கு முன் அதைத் தாங்கும் திருகாணி துருப்பிடித்து அறுவதை நாவற்குடா, காத்தான்குடிப் பக்கத்து வீடுகளில் காணலாம். ஆகவே இந்தக் கவனத்தை மெச்சத்தான் வேண்டும்.

குறை அன்றிரவே தெரிந்தது. தொலைபேசிக்கு எச்சரிக்கை வரத் தொடங்கி, விடியும்வரை நிற்கவில்லை. பின்வளவுக் கமராவில் தென்னோலை ஆடியது, முன்பக்கக் கமராவில் குறுக்கு வீதியால் சென்ற ஓட்டோவின் வெளிச்சம் மதிலில் ஓடியது, கிணற்றடிக் கமராவில் பூச்சி பறந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே ஓசை, ஒரே அறிவித்தல். இப்படிப்பட்ட எச்சரிக்கை சில நாட்களில் வீட்டாரின் காதிலிருந்து தானாகவே விலகிவிடும். காரணமின்றிக் குரைக்கும் நாய்க்கு எவரும் எழுந்து கதவு திறப்பதில்லை. பிறகு ஒருவர் உண்மையிலேயே மதில் ஏறிக் குதிக்கும்போது வரும் அறிவித்தலும் அந்தக் குவியலுக்குள் பார்க்கப்படாமலே கிடக்கும். அதனால்தான் பிழையான எச்சரிக்கையை வெறும் தொந்தரவு என்று நான் கருதுவதில்லை. கமரா வாங்கிய நோக்கத்தையே அது இல்லாமல் செய்துவிடுகிறது.

கமரா அசைவை எப்படி அறிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கும். மின்சாரத்தில் எந்நேரமும் இயங்கும் சாதாரணக் கமரா, ஒரு படச்சட்டத்தை அதற்கு முந்தியதோடு ஒப்பிட்டு, எத்தனை புள்ளிகளின் வெளிச்சம் மாறியது என்று பார்க்கிறது. மாறியது மனிதனா, நிழலா, மழைத்துளியா என்பது அதற்குத் தெரியாது. நண்பகலில் சீமெந்து முற்றத்தில் அசையும் ஓலை நிழல் அதற்கு ஓர் அசைவு. மாலையில் பகல் படத்திலிருந்து கறுப்பு வெள்ளை இரவுப் படத்துக்கு மாறும் கணத்தில் படம் முழுவதுமே மாறுவதால் அதுவும் ஓர் அசைவு. இருட்டில் படத்தில் தோன்றும் பொடிப்பொடியான புள்ளிகளும் அசைவுதான். பற்றரியில் இயங்கும் கமராக்களில் பெரும்பாலும் இருப்பது இன்னொரு முறை. உடற்சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் மாறுவதை உணரும் கருவி அவற்றில் இருக்கிறது. நிழலுக்கும் வாகன வெளிச்சத்துக்கும் அது எளிதில் ஏமாறாது. ஆனால் சுற்றுப்புற வெப்பம் உடற்சூட்டை நெருங்கும்போது மனிதனைச் சூழலிலிருந்து பிரித்தறிய அதற்குக் கடினமாகிறது. வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களின் பகற்பொழுதை அறிந்தவர்கள், நமது பகுதிக்கு அந்தக் கருவியை மட்டும் நம்ப முடியாது என்பதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

முறைப்பாடு செய்தபோது நிறுவனத்தினர் தட்டிக்கழிக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். முதலில் தொலைபேசியிலேயே உணர்திறனைக் குறைத்துவிடும்படி சொன்னார்கள். குறைத்தபோது ஓலைக்கு வந்த எச்சரிக்கையோடு சேர்ந்து, கேற்றைத் திறந்து நடந்து வந்தவருக்கான எச்சரிக்கையும் நின்றுபோனது. அதன் பின்னர்தான் அவர்களிடம் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், "பகல்ல வந்து ஒண்டும் விளங்காது சேர், ராவைக்கு ஒருக்கா வந்து பாக்கணும்" என்று சொல்லி, சொன்னபடியே இரவு எட்டு மணிக்கு மேல் வந்தார். இந்தச் சேவைக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பதற்குக் காரணம் அந்த இரவு வேலைதான்.

அவர் முதலில் செய்தது உணர்திறனைத் தொடுவதன்று, பார்க்க வேண்டிய பகுதியை வரைவது. முன்பக்கக் கமராவின் படத்தில் வீதியும், எதிர் வீட்டு மதிலும், வானமும் சேர்ந்து பாதிக்கு மேல் இருந்தன. கமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வானத்தை வெளியேற்றிய பின், கேற்றின் உட்புறத்திலிருந்து படிக்கட்டு வரையான தரையை மட்டும் கட்டங்களில் நிறமூட்டித் தெரிவு செய்தார். வீதியில் போகிற ஓட்டோவும் மாடும் அத்தோடு கணக்கிலிருந்து நீங்கின. பின்வளவில் தென்னையின் வட்டை விட்டுவிட்டு, மதிலின் அடியோரமாக நிலத்தில் ஒரு பட்டையை மட்டும் வரைந்தார். ஓலை ஆடும் உயரத்தைப் பார்க்கத் தேவையில்லை, ஆள் கால் வைக்கும் இடத்தைப் பார்த்தால் போதும் என்பது அவர் கொடுத்த விளக்கம். நிழல் விழும் திட்டுகளைத் தவிர்ப்பதற்காக முற்றத்தின் ஒரு மூலையையும் விட்டுவிட்டார்.

அடுத்தது, பலர் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளும் இரண்டு அளவுகள். உணர்திறன் என்பது ஒரு புள்ளி எவ்வளவு மாறினால் அதை மாற்றம் என்று எண்ணுவது என்பதைத் தீர்மானிக்கிறது. அதன் அருகில் எங்கள் ரெக்கோடரில் உள்ள மற்றொரு அளவு, வரைந்த பகுதியில் எத்தனை வீதம் மாறினால் எச்சரிப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. சிறிய பூச்சியும் பெரிய மனிதனும் வேறுபடுவது இரண்டாவதில்தான். தொலைபேசியில் எங்களுக்குச் சொல்லப்பட்டது முதலாவதைக் குறைக்கும்படி; ஆனால் உண்மையில் முதலாவதை நடுத்தரமாக வைத்துக்கொண்டு இரண்டாவதை உயர்த்த வேண்டியிருந்தது. எல்லாக் கமராச் செயலிகளிலும் இந்த இரண்டும் தனித்தனியே இருப்பதில்லை. மலிவான வைபை கமராக்கள் பலவற்றில் ஒரே ஓர் இழுகோடுதான் உண்டு. வாங்குவதற்கு முன் கடையில் செயலியைத் திறந்து காட்டச் சொல்லி, பகுதி வரையும் வசதியும் இந்த இரு அளவுகளும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. மெகாபிக்சல் எண்ணிக்கையைவிட இது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

மனித உருவத்தை மட்டும் பிரித்தறியும் வசதி எங்கள் கமராக்களில் இருந்தும், பூட்டிய நாளில் அது இயக்கப்படவில்லை. இயக்கியவுடன் மழைக்கும் ஓலைக்குமான எச்சரிக்கைகள் மிகவும் குறைந்தன. எனினும் இதை முழுமையாக நம்பிவிடக் கூடாது. படத்தில் மனிதன் போதிய பெரிதாக, நிமிர்ந்த உருவமாகத் தெரிந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். கூரை முகட்டில் வைத்துச் செங்குத்தாகக் கீழே பார்க்கும் கமராவுக்குத் தலையும் தோளும் மட்டுமே தெரியும். மாரியில் குடை பிடித்து வருபவரின் தலையும் தோளும்கூடத் தெரியாது. எங்கள் வீட்டுப் பக்கச் சந்தில் உள்ள கமரா இந்தக் காரணத்தாலேயே ஆளைத் தவறவிட்டது. அதைச் சற்று இறக்கிப் பக்கவாட்டாகத் திருப்பிய பிறகே சரிவந்தது. படத்தில் வரைந்த ஒரு கோட்டை ஆள் தாண்டினால் எச்சரிக்கும் முறையை அந்த இளைஞர் அங்கே பயன்படுத்தினார். கோட்டைப் படத்தின் ஓரத்தில் வரையாமல், தாண்டுவதற்கு முன்னும் பின்னும் ஆள் முழுமையாகத் தெரியும் வகையில் நடுவே, கால் பதியும் தரைமட்டத்தில் வரைய வேண்டும் என்பதை அங்குதான் கண்ணால் கண்டு கற்றேன்.

பின்னர் நடந்து பார்க்கும் சோதனை. வெளி விளக்குகளை அணைத்து, கறுப்புச் சட்டை அணிந்த ஒருவரைக் கமராவுக்குக் குறுக்காக நடக்க வைத்தார், நேராக அதை நோக்கி நடக்க வைத்தார், மதிலோரமாகக் குனிந்து வர வைத்தார். குறுக்காக நடப்பவர் எளிதில் பிடிபடுகிறார். நேரே நோக்கி வருபவர் படத்தில் மெதுவாகவே பெரிதாவதால் தாமதமாகத்தான் பிடிபடுகிறார். ஆகவே கேற்றை நேருக்கு நேர் பார்க்கும் கமராவைவிட, பக்கத்திலிருந்து பார்க்கும் கமரா அசைவறிவதற்கு உகந்தது. இந்த ஒரு செய்தியை விற்பனையின்போதே சொல்லியிருந்தால் முன்பக்கக் கமராவின் இடத்தை அப்போதே மாற்றியிருக்கலாம். நிறுவனத்தின் மீது எனக்குள்ள மிகப் பெரிய மனக்குறை இதுதான்.

பூச்சிக்கு அமைப்பினால் முழுத் தீர்வு கிடையாது. கமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் லென்சுக்கு அருகே பறக்கும் சிறு பூச்சியில் பட்டுத் தெறித்து, அதைப் படத்தில் பெரிய வெள்ளைத் திட்டாகக் காட்டுகின்றன. சிலந்தி நூல் காற்றில் ஆடும்போது படம் முழுவதும் மின்னுகிறது. வெள்ளை விளக்கு எரியும் வகையாக இருந்தால் முதல் மழைக்குப் பின்னான ஈசல் முழுவதும் அங்கேதான் கூடும். பூச்சி அதிகமுள்ள கிணற்றடியில், கமராவின் அகச்சிவப்பு விளக்கை அணைத்து, சில அடி தள்ளித் தனி விளக்கொன்றைப் பொருத்தியது பெரும் பயன் தந்தது. சிலந்தி வலையைத் துணியால் துடைத்துவிடுவதை வீட்டு வேலைகளில் ஒன்றாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரெக்கோடரின் கடிகாரத்தையும் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே சீன நேரத்தில் விடப்பட்டிருந்ததால், படத்தில் பதியும் நேரம் நமது நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியிருந்தது. இரவு பத்தரைக்கு நடந்தது நள்ளிரவு ஒரு மணியென்று பதிந்தால், பொலிஸ் நிலையத்தில் அந்தப் பதிவைக் கொடுக்கும்போது வீண் கேள்விகள் எழும். நேர வலயத்தை ஐந்தரைக்கு மாற்றி, இணையத்திலிருந்து நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி அமைத்தார்கள். மின்வெட்டுக்குப் பின் கடிகாரம் பிசகும் கருவிகளுக்கு இது மிகவும் தேவை. ரெக்கோடருக்கும் றவுட்டருக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று அவசியம். மின்சாரம் போன இருட்டில்தான் கமரா வேண்டும்.

அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்தால் இடம் மிச்சமாகும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். அதை நான் ஏற்கவில்லை. வினாடிக்கு 2 மெகாபிட் என்ற அளவில் ஒரு கமரா நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட் எடுக்கும். நான்கு கமராவுக்கு ஒரு டெராபைட், பதினொரு நாளுக்குச் சற்று மேல் போதும். அசைவறிதல் ஒருவரைத் தவறவிட்டால் அந்தக் காட்சியே இல்லாமல் போகும் என்பதால், தொடர்ச்சியாகப் பதிந்து, அசைவு நிகழ்ந்த இடங்களைக் குறியிட்டு வைக்கும் முறையையே வைத்திருக்கிறோம். கதிர்காமப் பாதயாத்திரைக்காக வீட்டைப் பூட்டிவிட்டு வாரக்கணக்கில் செல்லும் குடும்பங்கள் இதைவிடப் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்குவது நன்று. மெமரி காட்டில் பதியும் ஒற்றை வைபை கமரா வைத்திருப்பவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 128 ஜிகாபைட் காட் ஆறு நாளைக்கும் தாங்காது.

எச்சரிக்கை வராத நாட்கள் சில இருந்தன. அதற்குக் கமரா காரணமன்று. தொலைபேசியின் பற்றரிச் சேமிப்பு, செயலியைப் பின்னணியில் நிறுத்திவிட்டிருந்தது. அந்தச் செயலிக்கு மட்டும் விலக்களித்ததும் சரியாயிற்று. கடவுச்சொல்லை எங்கள் முன்னிலையில் எங்களையே மாற்றச் சொன்னார்கள், அது நல்ல பழக்கம். பக்கத்து வீட்டு மாமியின் யன்னல் ஒரு படத்தில் தெரிந்ததைச் சுட்டிக்காட்டியவரும் அந்த இளைஞர்தான். அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்த பின், மாமியைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினோம்.

இந்நிறுவனத்தை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேனா என்று கேட்டால், பரிந்துரைப்பேன்; ஆனால் விலைமதிப்பில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி வாங்க வேண்டும். கமரா, வயர், கூலி என்று எழுதப்படும் அந்தத் தாளில், பூட்டிய பின் ஓர் இரவு வந்து அசைவறிதலை அமைத்து நடந்து சோதித்துக் கொடுப்பதும், கச்சான் காலத்தில் அமைத்ததை மாரி தொடங்கியதும் ஒருமுறை மீளப் பார்ப்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம். இன்னொரு கமராவுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதனால் கிடைக்கும் பயன் அதிகம்.