அவேரேயா, எஸ்ஸெரேயா? இத்தாலிய இறந்தகாலத்தின் இரண்டு துணைவினைகள்

நடந்து முடிந்ததைச் சொல்ல இத்தாலியர் அன்றாடம் பயன்படுத்துவது ‘பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ’. அதற்குத் துணைவினை இரண்டு: உடைமையைச் சொல்லும் அவேரே (‘ஓ’ இதன் தன்மை ஒருமை வடிவம்), ‘இரு’ என்று பொருள்படும் எஸ்ஸெரே (‘ஸோனோ’, ‘எ’ இதன் வடிவங்கள்). செயப்படுபொருள் இருந்தால் அவேரே: ‘ஓ மன்ஜாத்தோ லா மேலா’, ஆப்பிளைச் சாப்பிட்டேன். ‘மி ஸோனோ லவாத்தோ’ (என்னைக் கழுவிக்கொண்டேன்) போன்ற தற்சுட்டு வினைகளுக்கு எஸ்ஸெரே. இதுவரை குழப்பமில்லை. செயப்படுபொருள் இல்லாத வினைகளில்தான் தடுமாற்றம்.

‘அசைவு வினைக்கு எஸ்ஸெரே’ என்ற சூத்திரத்தை நம்பாதீர்கள். நடப்பதும் அசைவுதான், ஆனால் ‘ஓ கம்மினாத்தோ’ என்பதே சரி. போய்ச் சேரும் இடமோ நிலைமாற்றமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடினால் ‘ஓ கோர்ஸோ’. வீட்டுக்கு ஓடினால் ‘ஸோனோ கோர்ஸோ ஆ காஸா’. தங்குவதைச் சொல்லும் ‘ரிமனேரே’ இதற்குள் அடங்காது. அசைவே இல்லாவிட்டாலும் எஸ்ஸெரேதான் கேட்கும். மனப்பாடம் செய்வதே வழி.

இரண்டையும் ஏற்கும் வினைகளில் நமக்கொரு வசதி உண்டு. இத்தாலியர் ஒரே ‘ஃபினீரே’யை வைத்துச் சொல்வதைத் தமிழ் இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறது. படம் முடிந்தது: ‘இல் ஃபில்ம் எ ஃபினீத்தோ’. புத்தகத்தை முடித்தேன்: ‘ஓ ஃபினீத்தோ இல் லீப்ரோ’. விலை உயர்ந்தது என்றால் எஸ்ஸெரே, விலையை உயர்த்தினார்கள் என்றால் அவேரே. மாறினாள், மாற்றினாள்; கப்பல் மூழ்கியது, மூழ்கடித்தார்கள்: எல்லாம் இதே கணக்கு. ஆனால் இந்த இரட்டை வினைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘தூங்கினேன்’ செயப்படுபொருள் குன்றியதுதான். இருந்தும் ‘ஓ தோர்மீத்தோ’.

இத்தாலியருக்குக் கைகொடுக்கும் இன்னொரு சோதனை நம்மை ஏமாற்றும். செயப்படுபொருள் இல்லாத வினையின் எச்சத்தை, அதாவது துணைவினைக்குப் பின் வரும் வடிவத்தை, பெயருக்கு அடையாக்க முடிந்தால் எஸ்ஸெரே: ‘லா ரகாத்ஸா அர்ரிவாத்தா’, வந்த பெண். ‘லா ரகாத்ஸா தோர்மீத்தா’ அங்கே செல்லாது. தமிழிலோ ‘தூங்கிய பெண்’ இயல்பாக வரும். மொழிபெயர்த்துப் பார்த்து முடிவெடுத்தால் தவறும்.

பிடிப்பதைச் சொல்லும் ‘பியச்சேரே’ எளிது. ‘எனக்குப் படம் பிடித்தது’ என்பதில் எழுவாய் படம்தானே? அங்கேயும் அப்படியே: ‘மி எ பியச்சூத்தோ இல் ஃபில்ம்’.

அடிக்கடி விடுபடுவது ஈறு. எஸ்ஸெரே வந்தால் எச்சம் எழுவாயோடு இணங்கும். போவதைச் சொல்லும் ‘அந்தாரே’யில், மார்கோ ‘அந்தாத்தோ’, மரியா ‘அந்தாத்தா’, பலர் ‘அந்தாத்தி’, பெண்கள் மட்டுமென்றால் ‘அந்தாத்தே’. அவேரேயில் மாறாது, ஆனால் ‘அவளை’ என்ற சுட்டு (‘லா’) முன்னே வந்தால் ‘லோ விஸ்தா’ (அவளைப் பார்த்தேன்; ‘லா’வும் ‘ஓ’வும் சேர்ந்து ‘லோ’), ‘விஸ்தோ’ அல்ல.

‘போக வேண்டியிருந்தது’ என்பதற்கு ‘ஸோனோ தோவூத்தோ அந்தாரே’ என்று எழுதுங்கள். பேச்சில் ‘ஓ தோவூத்தோ அந்தாரே’யும் காதில் விழும்.