கன்றோடு காங்கேயம் மாடு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

திருப்பூர், ஈரோடு பக்கம் மாடு தேடுபவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு மாடு பிடித்துக் கொடுத்த தரகர் வாய் கூசாமல் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டார், இன்னும் சிலரிடமும் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"சுத்தமான காங்கேயம், மூணாம் ஈத்து, வேளைக்கு நாலு லிட்டர் குறையாது, கன்னுக்கு மூணு மாசம்கூட ஆகல, செவலையா இருக்கு பாருங்க, காங்கேயத்துக்கு அதான் அடையாளம்" என்றார். கண்ணெதிரே கறந்தும் காட்டினார். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் கன்றை ஊட்டவிட்டால், மாடு ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு எட்டி உதைக்கிறது. பாலும் இறங்கவில்லை. நாட்டு மாடு தன் கன்று முட்டாமல் பால் இறக்காது என்பது அந்த ஆளுக்குத் தெரியாதா என்ன?

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். கன்று அந்த மாட்டுடையதே இல்லை. கொம்பு முளைத்திருப்பதைப் பார்த்தால் எட்டு மாதம் இருக்கும், தாய்ப்பால் கிடைக்காமல் விலா எலும்பு தெரியச் சூம்பிப்போய் மூன்று மாதக் கன்று மாதிரி நிற்கிறது. காங்கேயம் கன்று செவலையாகத்தான் பிறக்கும், அது உண்மை, ஆனால் ஆறு மாதத்தில் நிறம் மாறி மயிலை, அதாவது சாம்பல் நிறமாகிவிடும். இது இன்னும் முழுச் செவலை, திமிலும் இல்லை, ஜெர்சி கலப்பு. அப்புறம் அந்தக் கறவை? முதல் நாள் சாயங்காலம் கறக்காமல் மடியைக் கட்டவிட்டு, காலையில் பாலை இறக்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட்டு இறக்கியிருப்பார்கள் என்றார்.

காங்கேயம் ஏருக்கும் வண்டிக்கும் என்றே வளர்த்த இனம். ஒரு ஈத்துக்கு, அதாவது ஒரு கன்று போட்டபின் கறவை வற்றும்வரை, சராசரியாகச் சுமார் 540 கிலோ பால், அதாவது நாளுக்கு இரண்டு லிட்டர் சொச்சம். 20 கிலோ எடையில் பிறக்கும் கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் வேண்டும், அதுவே இரண்டு லிட்டர் ஆகிவிடுகிறது. கன்று நல்ல காளையாக வளர வேண்டுமென்றால் ஆரம்ப மாதங்களில் நமக்கு மிஞ்சுவது காப்பிக்குத்தான். எட்டு லிட்டரும் கறக்கும், கன்றும் கொழுகொழுவென்று வளரும் என்று காங்கேயத்தைக் காட்டி ஒருவர் சொன்னால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

வாங்குவதாக இருந்தால் சாயங்காலமே போய் உங்கள் முன்னால் மடி காலியாகும்வரை கறக்கச் சொல்லுங்கள், ராத்திரி அங்கேயே இருந்துவிட்டு விடிந்ததும் மறுபடி கறந்து பாருங்கள். கன்றை அவிழ்த்துவிட்டால் மாடு அதை நக்குகிறதா, கத்திக் கூப்பிடுகிறதா என்று பாருங்கள். தங்க விடமாட்டேன் என்றால் முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தரகரிடம் கேட்டால் "தண்ணி மாறினா அப்படித்தான், பழகிடும்" என்கிறார், பணத்தைத் திருப்பித் தர மாட்டாராம். இப்போது கன்றுக்குப் பக்கத்து வீட்டில் பால் வாங்கிப் புட்டியில் கொடுக்கிறோம். இந்த மாட்டின் சொந்தக் கன்றை எங்கே விற்றார், அது உயிரோடு இருக்கிறதா என்று எத்தனை முறை கேட்டும் பதில் வரவில்லை.