மெலோடிக் பேஞ்சோ வீடியோ வகுப்பு: இடக்கைக்கு நல்ல மார்க்

பெரம்பூரில் கிட்டார், கீபோர்டு சொல்லித்தர ஆள் உண்டு, பேஞ்சோவுக்கு (தோல் கட்டிய வட்ட உடல் கொண்ட தந்தி வாத்தியம்) யாரும் சிக்காததால் இந்த வீடியோ வகுப்பில் சேர்ந்தேன். 1960களில் அமெரிக்க பேஞ்சோ கலைஞர் பில் கீத் பிரபலமாக்கிய மெலோடிக் பாணியில் மெட்டின் ஒவ்வொரு சுரமும் வந்தாக வேண்டும், அதுவும் முடிந்தவரை ஒரே தந்தியை அடுத்தடுத்து மீட்டாமல். ஜி சுரத்துக்குத் திறந்த (விரலால் அழுத்தாத) மூன்றாம் தந்தி, ஏ-வுக்கு அதைவிடத் தடித்த நான்காம் தந்தியில் ஏழாவது ஃப்ரெட் (கழுத்திலுள்ள குறுக்குக் கம்பி), பி-க்குத் திறந்த இரண்டாம் தந்தி என்று தாவுவதை இடக்கைப் பக்கம் கேமரா வைத்து நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார் ஆசிரியர் பாருங்கள், அதற்கே கொடுத்த காசு சரி.

வலக்கை பாதி நேரம் திரைக்கு வெளியே. எரிச்சல்தான், பிக் (தந்தியை மீட்ட விரலில் மாட்டுவது) எந்தக் கோணத்தில் படுகிறது என்று தெரிய வேண்டாமா? ஸ்க்ரக்ஸ் ரோல் (மூன்று விரல்களால் மாறி மாறி மீட்டும் அடிப்படை வரிசை) கைக்கு வராதவர்கள் இப்போதைக்குச் சேராதீர்கள், அடிப்படையைத் தொடுவதே இல்லை. அப்புறம், லூப் முனைத் தந்தி (முனையில் வளையம் உள்ள பேஞ்சோ தந்தி) முன்பே வாங்கி வையுங்கள், நம்ம ஏரியா கடைகளில் கிட்டார் தந்தியைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.