யூரோவில் விலை, ரூபாயில் விலை: குன்னூரிலிருந்து ஒரு கணக்கு

காலை பத்தரை வாக்கில் மேட்டுப்பாளையம் வண்டி குன்னூருக்குள் நுழையும்போது எஞ்சின் முன்னால் இருக்காது. பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வரும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து ஏறும். ஏற்றம் சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி. சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ரயில் மாடல் சேர்க்கும் ஆசை வந்தது.

நம் மலை ரயில் ஓடுவது மீட்டர் கேஜில், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர். பிடிமானத்துக்கு அந்தப் பல் வைத்த பட்டை, ஆப்ட் என்ற முறையில் செய்தது. சுவிட்சர்லாந்தில் இதே மீட்டர் கேஜ், இதே ஆப்ட் முறையோடு ஓடும் மலை ரயில்கள் உண்டு. நம் எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்களில் பழையவை அந்த நாட்டின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அதனால் 87-ல் ஒரு பங்கு அளவில், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் சுவிஸ் மலை ரயில் மாடல்களைத்தான் நான் தேடுவேன். நம் எஞ்சினுக்கு அவை நெருங்கிய சொந்தம்.

இவற்றை வாங்க மூன்று வழி இருக்கிறது. இந்தியக் கடை, ஆனால் விலையை டாலரிலோ யூரோவிலோ போடும் ஆன்லைன் கடை. ரூபாயில் போடும் இந்தியக் கடை. அப்புறம், ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ உள்ள கடையிலிருந்து நேராகத் தருவிப்பது. மூன்றிலும் வாங்கிப் பார்த்துவிட்டேன்.

முதலில் யூரோ கடை. 2025 ஜனவரியில் ஒரு பல்சக்கர மின் எஞ்சினை ப்ரீ-ஆர்டர் செய்தேன். கடையின் இணையப் பக்கத்தில் 400 யூரோ என்று இருந்தது. அன்று ஒரு யூரோ 90 ரூபாயை ஒட்டி. மனக்கணக்கில் 36,000. அதே எஞ்சினை இன்னொரு கடை எல்லாம் சேர்த்து 39,500 ரூபாய் என்று போட்டிருந்தது. 3,500 ரூபாய் மிச்சம் என்று யூரோ கடையிலேயே புக் செய்தேன். கால் பங்கு அட்வான்ஸ், அதாவது 100 யூரோ. பில்லில் 9,300 ரூபாய் என்று வந்தது. வங்கி ரேட்டுக்கு மேல் மூன்று ரூபாய் வைத்துத்தான் கணக்குப் போடுவார்களாம். அது பக்கத்தின் அடியில், விதிமுறைகளுக்குள் எழுதியிருந்தது.

ஜூலையில் பொருள் வந்தது. அதற்குள் யூரோ 100 ரூபாயைத் தொட்டிருந்தது. மீதி 300 யூரோவுக்கு, ஒரு யூரோ 103 வீதம் 30,900. கூரியர் 600. மொத்தம் 40,800 ரூபாய். விலை உயர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் அன்றும் 400 யூரோ என்றுதான் இருந்தது. மாறியது ரேட்; அந்த மாற்றத்தை முழுக்கச் சுமந்தது நான்.

பார்சலைப் பிரித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வெளியே சாரல், ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. அட்டைப் பெட்டிக்குள் எஞ்சினை மெல்லக் கவிழ்த்துப் பார்த்தால் அச்சுக்கு நடுவே கடுகு அளவில் பற்கள் வைத்த பித்தளைச் சக்கரம். அதைப் பார்த்து முடிக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. பிறகுதான் பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பினேன். இறக்குமதியாளர் பெயர், முகவரி, இறக்குமதி செய்த மாதம், அதற்குக் கீழே எம்ஆர்பி 39,200 ரூபாய், அனைத்து வரிகளும் உட்பட.

பக்கத்தில் யூரோ. பெட்டியில் ரூபாய். நான் பொருளுக்குக் கொடுத்ததோ 40,200.

இந்த ஸ்டிக்கர் கடைக்காரரின் விருப்பத்துக்கு ஒட்டுவதல்ல. 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி இறக்குமதிப் பொருளின் பெட்டியிலும் அதிகபட்ச சில்லறை விலை இந்திய ரூபாயில் இருந்தாக வேண்டும். அதற்கு மேல் விற்கக் கூடாது. 2020-ல் வந்த மின்-வணிக நுகர்வோர் விதிகளும், மொத்த விலையை ஒரே தொகையாக, அதற்குள் வரி எவ்வளவு, அனுப்பும் செலவு எவ்வளவு என்ற பிரிவோடு காட்டச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் எம்ஆர்பி விஷயம் தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணும் உண்டு. எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் 1,000 ரூபாய் கணக்கில் திரும்பி வந்தது. அப்படியும் எனக்கு ஆன செலவு 39,800. அதிகம் என்று நான் ஒதுக்கிய ரூபாய் கடையைவிட 300 ரூபாய் கூடுதல்.

யூரோவில் போடும் எல்லாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இந்த மாடல்கள் அறிவித்து, தயாராகி, கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். ஒரு மாடலில் மூன்று நான்கு பெட்டிதான் ஒரு சின்னக் கடை எடுக்கும். அவர்களுக்கு வெளிநாட்டு பில் யூரோவில்தான் வரும். எந்த ரேட்டில் கட்டப் போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. 2022 ஜூலையில் டாலர் முதல்முறையாக 80 ரூபாயைத் தாண்டியபோது, பழைய ரேட்டில் ரூபாய் விலை சொல்லி ஆர்டர் வாங்கியிருந்த ஒரு சிறு கடைக்கு அது சொந்தக் காசிலிருந்து போகும் நஷ்டம்.

அதனால் நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். இனிமேல் வரவேண்டிய பொருளுக்கு யூரோ விலை போட்டால் சரி, பேசலாம். கடை அலமாரியில் ஏற்கனவே இருக்கும் பொருளுக்கு யூரோ விலை எதற்கு? அது வந்து இறங்கிவிட்டது. சுங்கம் கட்டியாகிவிட்டது. கடைக்காரருக்கு ஆன செலவு ரூபாயில் உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு ரேட் ஏறினால் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, ஆனால் வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கிறார். இருப்பில் உள்ள சரக்கை டாலரிலோ யூரோவிலோ விற்கும் கடையில் நான் இனி வாங்குவதில்லை.

சுங்கத்தைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. சுங்க அட்டவணையில் 9503 என்ற தலைப்பு இருக்கிறது. பொம்மை, மூன்று சக்கர சைக்கிள், புதிர் விளையாட்டு, அவற்றோடு அளவு குறைத்துச் செய்த ஸ்கேல் மாடலும் அதே தலைப்பில்தான். பெரியவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் எஞ்சினும் குழந்தையின் பொம்மையும் அங்கே ஒன்று. இந்தத் தலைப்புக்கு அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70. உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காக்க எடுத்த முடிவு. மீட்டர் கேஜ் எஞ்சின் மாடலும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. ஜனவரியில் புக் செய்து ஏப்ரலில் வரும் பொருளுக்கு நடுவே ஒரு பட்ஜெட் குறுக்கிடுகிறது. அந்த உயர்வு யார் தலையில்? யூரோ கடைகளில் பல இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. ரூபாய் விலையை உறுதி செய்து பில் போட்ட கடை, தானே ஏற்றுக்கொள்கிறது.

ரூபாய் கடையில் என்ன குறை என்றால், அவர் இந்த ஆபத்துகளையெல்லாம் முன்கூட்டியே விலையில் கொஞ்சம் சேர்த்துத்தான் போடுவார். ரேட் இறங்கினாலும் விலை இறங்காது. ரகமும் குறைவு. 1:64 அளவு டை-காஸ்ட் கார் சேர்ப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல, கோவைக்குப் போனால் கடையிலேயே பார்த்து எடுக்கலாம். மீட்டர் கேஜ் ரயில் வேண்டும் என்றால் வருடத்துக்கு இரண்டு மூன்று மாடல் கண்ணில் பட்டாலே அதிர்ஷ்டம். ஆனாலும் வரப்போகும் செலவு இன்னது என்று முதல் நாளே தெரிகிறது. மாதச் சம்பளத்தில் ஒதுக்கி வைத்து வாங்குகிறவனுக்கு அந்த நிம்மதிக்கு விலை உண்டு, அதைக் கொடுக்க எனக்குச் சம்மதம்.

நேராகத் தருவிப்பதில் முதல் பார்வைக்கு லாபம் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும்போது ஜெர்மன் கடைகள் பலவும் தங்கள் ஊர் 19 சதவீத வரியைக் கழித்துவிடும். பிறகுதான் செலவு தொடங்குகிறது. சுங்க மதிப்பு பொருளின் விலை மட்டுமல்ல. அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தது. அதன் மேல் சுங்கம், இரண்டும் சேர்ந்ததன் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி. தனிநபர் பயன்பாட்டுக்கு விமானத்திலோ அஞ்சலிலோ வருவதற்கு 9804 என்று தனித் தலைப்பும் உண்டு. அதன் வீதமும் மாறிக்கொண்டே இருக்கிறது, அந்த வருட பட்ஜெட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும். கார்டில் கட்டினால் வெளிநாட்டு நாணய மார்க்-அப் என்று பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். 'கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள்' என்று இன்னும் சிலர் யோசனை சொல்கிறார்கள். அஞ்சலிலும் கூரியரிலும் கிஃப்ட் என்ற பெயரில் முழு வரி கட்டாமல் இறக்குமதி செய்வதை, மருந்து, ராக்கி போன்ற சில விலக்குகள் தவிர, 2019 டிசம்பரிலேயே அரசு தடை செய்துவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அஞ்சலில் வந்தால் சுங்கத் தொகையைத் தபால்காரர் வாசலில் வாங்கிக்கொள்வார், ரசீது கொடுப்பார். கூரியரில் வந்தால் முதலில் ஆதாரோ பான் கார்டோ கேட்டு மெசேஜ் வரும். இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியக் கடை என்று நினைத்து வாங்கியிருப்பீர்கள், விலை டாலரில் இருக்கும், ஜிஎஸ்டி எண் போட்ட பில் வராது, திடீரென்று கூரியர்காரர்கள் உங்கள் பெயரில் கேஒய்சி, அதாவது அந்த அடையாளச் சான்று, கேட்பார்கள். அப்படியானால் இறக்குமதியாளர் அந்தக் கடை அல்ல, நீங்கள். சுங்கமும் உங்களுடையது, பொருள் உடைந்து வந்தால் திருப்பி அனுப்பும் அலைச்சலும் உங்களுடையது. என் நண்பர் ஒருவருக்கு அரவங்காட்டில் இப்படித்தான் வந்தது. கடைக்குக் கட்டியதில் ஏறக்குறைய பாதித் தொகையை மறுபடியும் கூரியருக்குக் கட்டினார்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள் உண்டு. சில கூரியர்கள் மலைக்கென்று தனிக் கட்டணம் போடுகிறார்கள், அது விலைக்குள் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் பார்சல் கீழேயே நின்றுவிடும். அந்த மாதங்களில் ஈரத்தில் கிடந்த அட்டைப் பெட்டி பூஞ்சை வாசத்தோடு வரும், சேகரிப்பவர்களுக்குப் பெட்டியும் பொருளில் பாதி. எனவே மழை முடிந்து ஜனவரிக்குப் பிறகு அனுப்பச் சொல்கிறேன். இதை ஒத்துக்கொண்டு நிறுத்திவைத்து அனுப்பியது ரூபாய் கடைதான். வெளிநாட்டுக் கடைகளிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

யூரோ கடைகளில் போன மாதம் ஒன்று கண்ணில் பட்டது, நாகர்கோவில்காரர் ஒருவர் நடத்துகிறார். போனில் பேசினேன். "அண்ணே, அட்வான்ஸ் கட்டுற அன்னைக்கு என்ன ரேட்டோ, முழுத் தொகைக்கும் அதுதானா? இல்ல அட்வான்ஸுக்கு மட்டுமா? கேன்சல் பண்ணா எந்த ரேட்ல திருப்பித் தருவீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "பாதி கட்டிட்டீங்கன்னா முழுசுக்கும் அன்னைக்கு ரேட்டையே வச்சிடறேன் தம்பி. கேன்சல்னா கட்டின ரூபாய் அப்படியே வந்துடும். பட்ஜெட்ல டூட்டி ஏறுச்சுன்னா ஆளுக்குப் பாதி" என்றார். அதை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். எஞ்சினுக்குப் பின்னால் மாட்ட ஒரு சிவப்புப் பெட்டி புக் செய்திருக்கிறேன். பில்லில் யூரோவுக்குப் பக்கத்திலேயே ரூபாய்த் தொகையும் இருக்கிறது.