ஈரக்காத்து ஊர்ல ஏழு வருஷமா ஒரு பேனாக்கத்தி: ஒபினெல் நம்பர் 8

சிங்கப்பூர்ல ஹார்டுவேர் கடைக்குப் போய் ‘பென்நைஃப்’னு கேட்டீங்கன்னா பிளேடைத் தள்ளித் தள்ளி நுனிய உடைச்சுப் போடுற கட்டரைத்தான் எடுத்து வைப்பாங்க. நம்ம பெரியவங்க பேனாக்கத்தின்னு சொன்ன மடக்குக் கத்தி வேற, இது வேற. ஏர்கான் (ஏசி) வேலைக்கு வந்த புதுசுல நானும் கட்டர்தான் வச்சிருந்தேன். யோஷியோ ஒகாடான்னு ஒரு ஜப்பான்காரர் 1956ல கண்டுபிடிச்சது அது, மழுங்கினா ஒரு துண்டை உடைச்சா புது வாய், அட்டைப்பெட்டி பிரிக்க இன்னைக்கும் எனக்கு அதுதான். ஆனா காப்பர் பைப்புக்குப் போடுற கறுப்பு இன்சுலேஷன் ஃபோம் இருக்கே, அதை நீளவாக்குல கீறும்போது அந்தத் தகடு உள்ளயே வளைஞ்சு வெட்டு கோணலாப் போயிடும், கோணலா வெட்டினா ஒட்டும்போது இடைவெளி வரும், இடைவெளி வந்தா அங்கதான் தண்ணி வேர்த்துச் சொட்டும். ஒரு தடவை ஒரு வீட்ல சீலிங் பக்கத்துல நின்னு வெட்டிட்டு இருக்கும்போது நுனி ஒடிஞ்சு கீழ விழுந்துருச்சு. அந்த வீட்ல தவழுற குழந்தை. காந்தத்தை வச்சுத் தரை முழுக்கத் தடவி அரைமணி நேரம் தேடி எடுத்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், ஒடியாத பிளேடு வேணும்னு.

2018 கடைசியில வாங்கினது ஒபினெல் நம்பர் 8, கார்பன் ஸ்டீல். முப்பது சிங்கப்பூர் வெள்ளிக்குள்ளதான். பிரான்ஸ்ல சவோய் மலைப்பக்கம் ஜோசப் ஒபினெல் 1890ல செய்ய ஆரம்பிச்ச கத்தி, வடிவம் இன்னும் பெருசா மாறல. பீச் மரக் கைப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் பிளேடு, கழுத்துல ஒரு இரும்பு வளையம். வளையத்தைத் திருப்பினா பிளேடு பூட்டிக்கும், விரல் மேல மடங்காது. அந்த வளையம் 1955ல வந்தது, 2000 வாக்குல மூடின நிலையிலயும் பூட்டுற மாதிரி ஆக்கினாங்க, நம்மள மாதிரி டூல் பையில போடுறவங்களுக்கு அது பெரிய விஷயம். பிளேடு மெல்லிசு, ஆனா கட்டர் மாதிரி வளையாது. ஃபோம்ல வச்சு ஒரே இழுவையா இழுத்தா வெண்ணெய்ல போற மாதிரி போகும், வெட்டின முகம் வழவழன்னு நிக்கும், பசை போட்டு ஒட்டினா கோடே தெரியாது.

இதெல்லாம் முதல் ரெண்டு வாரம். மூணாவது வாரம் கத்தியத் திறக்கவே முடியல. நகம் வைக்கிற பள்ளத்துல நகத்தை வச்சு இழுத்து நகம் பிஞ்சுதுதான் மிச்சம். கத்தி பழுது இல்ல, மரம் ஊதிடுச்சு. பீச் மரம் ஈரத்தை நல்லாக் குடிக்கும், வெளிப்பக்கம் வார்னிஷ் இருக்கு, பிளேடு உட்கார்ற அந்த வெட்டுக்குள்ள பாதுகாப்பு போதாது. இங்க வருஷம் பூரா காத்துல ஈரம், அதுல நம்ம வேர்வை வேற. சவோய்க்காரங்களே இதுக்கு ஒரு கைவழி வச்சிருக்காங்க, வளையத்தைத் திறந்துட்டு கைப்பிடியோட பின்முனைய மேசை ஓரத்துல டொக்குன்னு தட்டினா பிளேடு கொஞ்சம் வெளிய எட்டிப் பார்க்கும், அப்புறம் விரலால பிடிச்சு இழுத்துக்கலாம். அவங்களுக்கு அது எப்பவாவது தேவைப்படும். நான் தினமும் தட்டிட்டு இருந்தேன்.

அதனால இங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: பிளேடைப் பத்தி அப்புறம் கவலைப்படுங்க, முதல்ல மரத்தைப் பாருங்க. நான் செஞ்ச விதத்தைச் சொல்றேன். வளையத்தை சர்க்ளிப் பிளையரால (வளையத்தை விரிக்கிற குறடு) மெதுவா விரிச்சுக் கழட்டினேன், ரொம்ப விரிச்சா தொளதொளன்னு ஆயிடும், ஜாக்கிரதை. வார்னிஷை 180 உப்புத்தாள்ல தேய்ச்சு எடுத்துட்டு 320ல முடிச்சேன். பிளேடு போற வெட்டுக்குள்ள விரல் போகாது, பழைய ஈசி லிங்க் பஸ் கார்டுல உப்புத்தாளைச் சுத்தி உள்ள விட்டு ரெண்டு பக்கச் சுவரையும் தேய்ச்சேன், முக்கியமா பிளேடு திரும்புற ஆணிக்குப் பக்கத்துல, அங்கதான் கவ்வும். ஒரு பக்கம் பத்து இழுவை, இன்னொரு பக்கம் பத்து இழுவை, நடுவுல நடுவுல பிளேடைத் திறந்து மூடிப் பார்க்கணும். அவசரப்பட்டு நிறைய எடுத்துட்டா பிளேடு ஆட ஆரம்பிச்சுடும், எடுத்த மரத்தைத் திருப்பி வைக்க வழியில்ல.

அப்புறம் காய வைக்கணும். ஈரத்தோட எண்ணெய் போட்டா ஈரம் உள்ளயே நிக்கும். ஏர்கான் டிரை மோடுல ஓடுற ரூம்ல நாலு ராத்திரி வச்சேன். எண்ணெய் விஷயத்துல முதல்ல தப்பு பண்ணினேன், வீட்ல இருந்த தேங்காயெண்ணெயைப் போட்டேன். அது மரத்துல எப்பவுமே காயாது, கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஆகி ஃபோம் தூசியெல்லாம் ஒட்டிக்கிச்சு. காயுற எண்ணெய் ஆளி விதை எண்ணெய், காத்து பட்டு இறுகி மரத்துக்குள்ளயே கெட்டியாயிடும். மெல்லிசாத் தடவி, அரைமணி கழிச்சுத் துடைச்சு, ஒரு நாள் விட்டு மறுபடி, இப்படி அஞ்சு தடவை. இதுல ஒண்ணு கட்டாயம் சொல்லணும்: அந்த எண்ணெய் துடைச்ச துணியச் சுருட்டிக் குப்பையில போடாதீங்க. காயும்போது சூடாகும், சுருட்டி வச்சா தானாவே தீப்பிடிக்கலாம். வீவக அடுக்குமாடி வீட்ல அது விளையாட்டு இல்ல. தண்ணியில நல்லா நனைச்சுட்டுப் போடுங்க. கடைசியா தேன்மெழுகை உருக்கி அந்த வெட்டுக்குள்ள ஊத்தி வடிச்சுட்டேன். அதுக்கப்புறம் மழையில நனைஞ்ச நாள்ல கூட பிளேடு சிக்கினது இல்ல, வருஷத்துக்கு ஒரு தடவை மெழுகு மட்டும் புதுசா விடுறேன்.

பிளேடுக்கு வருவோம். கார்பன் ஸ்டீல்னா இங்க துரு பிடிக்கும்தான். வேர்வை பட்ட கையோட ராத்திரி அப்படியே வச்சா காலையில மூக்குப்பொடி தூவின மாதிரி சிவப்புப் புள்ளி. நான் வினிகரைச் சூடாக்கி டிஷ்யூவுல நனைச்சு பிளேடைச் சுத்தி இருபது நிமிஷம் வச்சேன், அடர் சாம்பல் நிறம் ஏறுச்சு. அந்தப் படலம் நல்லது, சிவப்புத் துருதான் அரிக்கிறது. ஆனா படலம் ஏறிட்டா துருவே வராதுன்னு நினைக்காதீங்க, வேகம் குறையும், அவ்வளவுதான். துடைச்சு ஈரமில்லாம மடக்குற பழக்கம்தான் காப்பாத்தும். பார்மசியில கிடைக்கிற மினரல் ஆயில் ஒரு சொட்டு போதும். பச்சை மாங்கா வெட்டினா புது பிளேடுல மாங்காயே கறுத்துப் போய் ஒரு இரும்பு வாடை அடிக்கும், “இதுல வெட்டினதை எனக்கு வேணாம்”னு வீட்ல சொல்லிட்டாங்க. படலம் நல்லா ஏறின பிறகு அந்த வாடை போயிடுச்சு, போன பொங்கலுக்கு வாழையிலைக்குக் காம்பு சீவினது இதுலதான். பலாப்பழம் மட்டும் வேண்டாம், பால் ஆணிக்குள்ள இறங்கினா எடுக்க ஒரு நாள் ஆகும்.

நான் செஞ்ச மாத்தத்துல ரொம்பப் பிடிச்சது நுனிய உருட்டினது. வர்றப்ப ஊசி மாதிரி இருந்தது, ஃபோமைக் கீறும்போது உள்ள இருக்கிற காப்பர் பைப்புல கோடு போட்டுடுச்சு. கல்லுல தண்ணி விட்டுத் தேய்ச்சு நுனிய வளைவா ஆக்கினேன், இப்ப பைப் மேல வழுக்கிக்கிட்டு போகும். மெஷின்ல தேய்க்காதீங்க, சூடு ஏறினா அந்த இடம் பதம் கெட்டுடும். வருத்தப்படுற மாத்தமும் ஒண்ணு இருக்கு. கைக்கு நல்லா அமையட்டும்னு கைப்பிடிய ரெண்டு பக்கமும் சீவி மெல்லிசாக்கினேன், வெட்டுக்குப் பக்கத்துச் சுவர் பலமில்லாமப் போயி ரெண்டே மாசத்துல விரிசல். அது போச்சு. இப்ப இருக்கிறது அதுக்கப்புறம் வாங்கினது, 2019ல இருந்து இதேதான்.

நடுவுல ஹிகோனோகாமி ஒண்ணும் வச்சிருந்தேன், ஜப்பான்ல மிகிங்கிற ஊர்ல செய்யுற மடக்குக் கத்தி, ஒரே தகட்டை மடிச்ச பித்தளைக் கைப்பிடி, அதனால ஊதுற பிரச்சினையே கிடையாது, வாயும் அருமையா நிக்கும். ஆனா பூட்டு இல்ல, பின்னாடி நீட்டிட்டு இருக்கிற வாலைக் கட்டைவிரலால அழுத்திப் பிடிச்சுக்கணும், ஏணியில நின்னு வேர்த்த கையால அது முடியாது. பென்சில் சீவ மேசையில இருக்கு. மரம், துரு எதையும் பார்க்க நேரமில்லாதவங்களுக்கு விக்டோரினாக்ஸ்ல அலுமினியப் பிடி போட்ட பயனியர் போதும், தப்பே இல்ல.

எடுத்துட்டுப் போறதைப் பத்தி. இங்க பொது இடத்துல ஆயுதம்னு கருதக்கூடிய பொருளைச் சட்டப்படியான காரணம் இல்லாம வச்சிருந்தா குற்றம், லேசான குற்றம் இல்ல. பட்டனை அமுக்கினா பாயுற கத்திப் பக்கமே போகாதீங்க. என் கத்தி பாக்கெட்ல போகாது, டூல் பையில சாமான்களோட துணி உறைக்குள்ள போகும், வேலை நாள்ல மட்டும். ஞாயித்துக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) போறப்ப, சாயங்காலம் கோப்பிக்கடையில உட்கார்றப்ப அது வீட்லதான். ஒரு தடவை எம்ஆர்டி ரயில் நிலையத்துல பையைத் திறக்கச் சொன்னாங்க, வளையம் பூட்டி இருக்கிறதையும் கூட இருக்கிற ஃபோம் துண்டு, பிளையர், வேலை பாஸ் எல்லாத்தையும் காட்டி, ஏர்கான் வேலைன்னு நேராச் சொன்னேன், பார்த்துட்டு விட்டுட்டாங்க. ‘எவ்ரிடே கேரி’ன்னு வெளிநாட்டு வீடியோவுல காட்டுற மாதிரி பாக்கெட்ல கிளிப் போட்டு மாட்டிக்கிட்டு நடக்கிறது நம்ம ஊருக்கு ஒத்து வராது, நான் அதை ஆதரிக்கவும் மாட்டேன்.

சாணை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, 1000 கல்லுல பத்து நிமிஷம், அப்புறம் பழைய பெல்ட்டோட உள்பக்கத்துல இழுப்பேன். இத்தனை வருஷத்துல பிளேடு அகலம் ரெண்டு மில்லிமீட்டர் கிட்ட குறைஞ்சிருக்கு, போன வாரம் அளந்து பார்த்தேன். கூட வேலை பார்க்கிற தம்பியும் ஒண்ணு வாங்கிட்டான், “அண்ணே, திறக்கவே மாட்டேங்குது”ன்னு கொண்டு வந்து கொடுத்தான். அவனோட கைப்பிடி இப்ப என் ரூம்ல காயுது, இன்னைக்கு மூணாவது ராத்திரி, ஞாயித்துக்கிழமை எண்ணெய் போட ஆரம்பிக்கணும்.