ஸ்லாக் அறிவிப்புகள்: சில ஆண்டுப் பழக்கத்தில் எது நிலைத்தது

அலுவலகக் குழுக்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஸ்லாக் செயலியில் எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிடுவது எளிது. ஆனால் அது நீடிப்பதில்லை. எதையோ தவறவிட்டோமோ என்ற பதைப்பில் நாமே அடிக்கடி செயலியைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிடுவோம். அதைவிட மணியோசையே மேல். சில ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தியதில் எனக்குப் பலன் தந்தது வேறு: யார், எதற்காக என்னைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்துவிடுவது.

எல்லாச் செய்திகளுக்கும் அறிவிப்பு என்பதை மாற்றி, நேரடிச் செய்திகள், பெயர் குறிப்பிடல், முக்கியச் சொற்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன். இதில் முக்கியச் சொல் வசதியைப் பலரும் சீண்டுவதே இல்லை. நாம் கொடுக்கும் சொல்லை யாராவது எழுதினால், நம் பெயரைச் சொல்லாவிட்டாலும் தகவல் வரும். சொல் அரிதாக இருக்க வேண்டும் என்பதே சூட்சுமம். திட்டத்தின் பெயரைக் கொடுத்தால் நாள் முழுக்க மணி அடிக்கும்; என் பொறுப்பில் உள்ள நிரல் பகுதியின் பெயரைக் கொடுத்திருப்பதால் தேவையானபோது மட்டும் அடிக்கிறது. இது தவிர, எனக்கு அவ்வளவாகத் தேவைப்படாத சேனல்களை (குழு உரையாடல் அறைகளை) மியூட் செய்தேன்; பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதான்.

அடுத்த தலைவலி, செய்தியில் சேர்த்தால் பலரையும் ஒரே சமயத்தில் கூப்பிடும் @சேனல் என்ற குறி. @ஹியர் அப்போது செயலியில் இருப்பவர்களை மட்டும் கூப்பிடும். @சேனல் அந்தச் சேனலில் உள்ள அத்தனை பேரையும் உலுக்கும். இந்த வேறுபாடு தெரியாமலோ, தெரிந்தேயோ, எங்கள் குழுவில் சிலர் பிறந்தநாள் வாழ்த்துக்கும் இரண்டாவதையே போடுவார்கள். (வாழ்த்தப்பட்டவருக்கே அது பிடித்ததா என்பது ஐயம்தான்.) இதை யார் பயன்படுத்தலாம் என்று நிர்வாகியால் வரம்பு விதிக்க முடியும். அதைச் செய்த பிறகு சத்தம் வெகுவாகக் குறைந்தது. இது தனிமனிதக் கட்டுப்பாட்டால் தீர்கிற விஷயமே அல்ல.

மாலைக்குப் பிறகு அறிவிப்புகள் தானாக நிற்கும்படி நேரம் குறித்திருக்கிறேன். அப்போது நேரடிச் செய்தி அனுப்புபவருக்கு, நான் அறிவிப்புகளை நிறுத்திவைத்திருப்பது தெரியும். உண்மையிலேயே அவசரம் என்றால் அதை மீறி அறிவிக்கவும் அவருக்கு வழி உண்டு. இந்த வாசல் திறந்திருப்பதால் எனக்கு உறுத்தல் இல்லை, மேலாளருக்கும் புகார் இல்லை. இரவில் எழுத நேர்ந்தால் நானும் செய்தியைக் காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்புகிறேன்.

ஒலியைவிட என்னை அதிகம் இழுத்தது ஸ்லாக் சின்னத்தின் மேல் தோன்றும் சிவப்பு எண். கணினியின் அமைப்புகளில் அதை அணைத்தேன். இத்தனை மாற்றங்களில் ஒன்றை மட்டும் செய்யச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இன்னும் முழுதாகத் தீராதது உரையாடல் இழைகள். ஒரு முறை பதில் எழுதிவிட்டால் அந்த இழையில் பின்னால் வரும் ஒவ்வொரு "நன்றி", "சரி" என்பதற்கும் தகவல் வரும். ஒவ்வோர் இழையிலும் அதைத் தனியாக நிறுத்தலாம். வேலை முடிந்ததும் நிறுத்திவிடுகிறேன். பரபரப்பான நாளில் அதற்கும் கை போவதில்லை.