ஐபி போன் போடப்போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க: 28,500 ரூபாய் போச்சு

வயித்தெரிச்சல்ல எழுதுறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

எங்களுக்கு வலங்கைமான் பக்கம் கிராமம். நானும் தங்கச்சியும் சென்னை கம்பெனி ஒண்ணுக்கு வீட்டிலேருந்தே கஸ்டமர் கேர் வேலை பார்க்கிறோம். லேப்டாப் தொங்கினா காலும் சேர்ந்து போகுதுன்னு, நெட் வழியா பேசுற ஐபி போன் தனியா வாங்கிக்குங்க, எக்ஸ்டென்ஷன் (ஆபீஸ் உள் நம்பர்) நாங்க தர்றோம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. கும்பகோணத்துல கம்ப்யூட்டர், சிசிடிவி போடுற ஒரு கடையில விசாரிச்சோம். ரெண்டு போன், வயரிங், ரௌட்டருக்கு மினி யுபிஎஸ், ஒரு வருஷ சர்வீஸ், மொத்தம் 28,500.

கடைக்காரனே நேர்ல வந்தான். வந்தவன் போனைப் பத்தியா பேசினான்? அப்பாவைப் பார்த்து, "ஐயா, குறுவைக்கு நாத்து விட்டாச்சா? ஜூன் 12 மேட்டூர் திறந்துடுவாங்கல்ல?"ன்னு ஆரம்பிச்சு, அவன் மாமனார் வீட்டு நிலம் வரைக்கும் வந்துட்டான். அம்மா காபி கொடுத்தாங்க. போனை மாட்டி, என் ரூம்லேருந்து தங்கச்சி ரூமுக்கு அடிச்சு, "கேட்டுப் பாருங்க தம்பி, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இல்ல?"ன்னான். பக்கத்துல நின்னுதானேடா பேசின! சட்டுனு அவனே கட் பண்ணிட்டு, "அவ்வளவுதான் தம்பி, வேலை முடிஞ்சுது"ன்னு ஜிபே ஸ்கேனரை நீட்டினான். 28,500 அங்கேயே போயிடுச்சு.

மறுநாள் ஷிப்டுல கூத்து. கால் வருது, எடுக்கிறோம், ரெண்டு பக்கமும் நல்லா கேட்குது, அரை நிமிஷத்துல கட். திரையில 00:32. அடுத்த காலும் 00:32. அதுக்கடுத்ததும் அதே. வேணும்னே வச்சிட்டோம்னு கஸ்டமர் திரும்ப அடிச்சுத் திட்டுறார். தங்கச்சி அழுதேவிட்டா.

அவனைக் கூப்பிட்டா, "உங்க நெட் ஸ்பீடு பத்தாது தம்பி." ஒரு காலுக்கு 100 கேபிபிஎஸ் இருந்தாலே போதும், எங்க வீட்டுல இருக்கிறது 40 எம்பிபிஎஸ் ஃபைபர். அப்புறம், "நெட்காரன்கிட்ட கேளுங்க." நெட்காரர், "போன் போட்டவர்கிட்ட கேளுங்க சார்." திரும்ப அவன்கிட்ட போனா டெக்னீஷியன் லீவு, டெக்னீஷியன் வீட்டுல விசேஷம், டெக்னீஷியன் மாயவரம் போயிருக்கார். அப்படி ஒரு டெக்னீஷியன் இருக்கானான்னே தெரியலை. கடைசியில வாட்ஸ்ஆப்ல நீல டிக் மட்டும்தான்.

சென்னையில இதே லைன்ல இருக்கிற நண்பன் வீடியோ கால்ல பார்த்துட்டு, 32 விநாடின்னதுமே பிடிச்சிட்டான். கால் எடுத்ததும் நம்ம போன் சர்வருக்குத் தகவல் சொல்லும், சர்வர் திருப்பி ஒரு பதில் அனுப்பும். நம்ம போன் வெளி முகவரிக்குப் பதிலா 192.168-னு வீட்டுக்குள்ள இருக்கிற முகவரியைக் கொடுத்திருக்கு. பதில் வந்தே சேராது. 32 விநாடி காத்திருந்துட்டு போனே வச்சிடுமாம். ரௌட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜி-ன்னு, போன் அனுப்புற தகவல்ல ரௌட்டரே கை வைக்கிற வசதி ஒண்ணு இருக்காம். அதை அணைச்சு, போன்ல நேட் செட்டிங், அதாவது வெளி முகவரியைக் கொடுக்கச் சொல்ற செட்டிங், மாத்தினா தீர்ந்துடும்னான். முதல்ல சொன்னதை நெட்காரர் செஞ்சு கொடுத்துட்டார். போன் மெனுவுக்குள்ள போனா அட்மின் பாஸ்வேர்டு கேட்குது.

போனைத் திருப்பிப் பார்த்தா, அடியில ஸ்டிக்கரைச் சுரண்டின பசை. அதுல பாதி அழிஞ்சு 'ரிசப்ஷன்'னு பேனா எழுத்து. ஏதோ ஆபீஸ்ல கழிச்சுக்கட்டின போன்! புதுசுன்னு சொல்லி 28,500 வாங்கியிருக்கான். பாஸ்வேர்டு கேட்டதுக்கு, "அன்லாக் பண்ண 3,500 ஆகும்." வாய் கூசலை பாருங்க.

பில் கேட்டா ஜிஎஸ்டி தனியாம். கையில இருக்கிறது ஒரு வெள்ளைத்தாள், அதுல 'போன் 2, செட்டிங் ஃபுல்.'

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விலாவாரியா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஷிப்டுக்கு நேரமாச்சு. வெளியிலேருந்து ஒரு கால் வரவச்சு, அஞ்சு நிமிஷமாவது பேசிப் பார்க்காம காசு கொடுக்காதீங்க. அட்மின் பாஸ்வேர்டை அப்பவே எழுதி வாங்குங்க. பெட்டி சீல் உங்க முன்னாடி பிரியணும். பில் இல்லேன்னா வேண்டாம். யுபிஎஸ்ஸைக் கரண்டைப் பிடுங்கிட்டுப் பாருங்க, எங்களுது கால் மணி நேரம்கூட தாங்கலை.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சாச்சு. ஜிபே ரசீது, அந்த வெள்ளைத்தாள், ஸ்டிக்கர் போட்டோ எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். 28,500 திரும்ப வரலைன்னா அடுத்து நுகர்வோர் கோர்ட்டுதான். அஞ்சு லட்சம் வரைக்கும் அங்க கட்டணமே கிடையாது.